மனுவில் என் கையெழுத்து ஏன் இல்லை: எங்கள் தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) மக்களுக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்பாளர் சங்கத் தலைவருக்கும் செயலவையினருக்கும், கோயில் நிர்வாகத்தாருக்கும், நம் நான்கு தெருக்களிலும் இருக்கிற அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

போன புதன்கிழமை மாலை சங்கத்திலிருந்து இரண்டு தம்பிகள் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவருமே என்னிடம் படித்தவர்கள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "டீச்சர், ஒரு கையெழுத்துதான்" என்று தாளை நீட்டினார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பழைய கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டில் இருக்கிற பிள்ளைகள் இல்லம் நம் மூன்றாவது தெருவுக்கு மாறி வரக் கூடாது, மாவட்ட மன்றம் அனுமதி கொடுக்கக் கூடாது என்று மனு. அறுபது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். கண்ணாடியை எடுத்து வந்து முழுதாகப் படித்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஏன் டீச்சர்?" என்று கேட்டார்கள். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த மடலில் ஊர்ப் பெயரும் இல்லத்தின் பெயரும் இருக்காது. பாதுகாப்பில் இருக்கிற பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்று மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் சொல்கிறது. பேராக் மாநிலத்தில் ரயில் பாதையை ஒட்டி இதுபோல எத்தனையோ தோட்டத்து ஊர்கள். படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு அது போதும். நம் ஊர்க்காரர்களுக்கு எது என்று தெரியும்.

என் அம்மா நம் தோட்டத்தில் ஆயாவாக இருந்தார். உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர்கள்தான். சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது அந்தச் சொல்லே தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுகிற பெண்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்கு நேரமாகிவிடும் என்பதால் யாரும் நின்று பேச மாட்டார்கள். அம்மா கையை நீட்டுவார், பிள்ளை கை மாறும், அவ்வளவுதான். உத்திரத்தில் வரிசையாகப் பதினான்கு ஏணை தொங்கும். எந்தப் பிள்ளைக்கு எந்த ஏணை என்பது அம்மாவுக்கு இருட்டிலும் தெரியும். பத்து மணி வாக்கில் எல்லாப் பிள்ளைகளையும் சிமெண்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக உட்காரவைத்துக் குளிப்பாட்டுவார். பள்ளி விடுமுறையில் நான்தான் தண்ணீர் மொண்டு ஊற்றுவேன்.

அந்தக் குளியலைத்தான் நான் சொல்ல வந்தேன். தினமும் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர் கைக்குத் தெரியாமல் அந்தப் பிள்ளையின் உடம்பில் எதுவும் இருக்க முடியாது. ஒருநாள் மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒன்று. தொடையின் பின்பக்கம் நான்கு கோடு, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, விளிம்பு தடித்துப் போய். துணி காயப் போடுகிற கம்பி. அம்மா பிள்ளையிடம் எதுவும் கேட்கவில்லை. முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் கையைப் பிடித்து நிறுத்தினார். சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி எடுத்தார். மத்தியானம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளரான டிரசரிடம் சொன்னார். சாயந்திரம் அந்த வீட்டு அஞ்சடித் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆள் கள்ளுக்கடையிலிருந்து வரும்வரை காத்திருந்து, சத்தம் போடாமல் சொன்னார்: "புள்ள கொஞ்ச நாளைக்கு என்கிட்ட தூங்கட்டும்பா." பதினோரு இரவு அந்தப் பிள்ளை என் பக்கத்தில் படுத்தது. அதற்குள் டிரசர், கங்காணி, கோயில் பெரியவர் என்று ஒவ்வொருவராக அந்த வீட்டுப் படியேறினார்கள்.

தோட்டத்து வாழ்க்கையைச் சொர்க்கம் என்று நான் எழுதவில்லை. அடி வாங்கிய பெண்கள் எத்தனை பேர், சம்சுச் சாராயம் குடித்துச் செத்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதினோரு இரவுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு அடியே விழவில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்கிற கண் ஒன்று இருந்தது. பார்த்ததும் எழுந்து போகிற கால் இருந்தது. ஆயாக் கொட்டகை வைப்பது நிர்வாகத்தின் தர்மம் இல்லை, சட்டப்படி வைத்தாக வேண்டியது. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்திலும் குழந்தைக் காப்பகம் பற்றிய பகுதி உண்டு.

அப்புறம் என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும். வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போக, தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கிற துண்டாடல் வந்தது. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்துத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். நம் தோட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையில் பாதி போய் வீடமைப்பு வந்தது. தோட்டத்து வரிசை வீடான லயம் உடைந்தது, நாம் இந்தத் தாமானுக்கு வந்தோம். சொந்த வீடு, சொந்தக் குழாய், கதவுக்கு இரும்புக் கிராதி. எல்லாம் நல்லதுதான், நானும் சந்தோஷப்பட்டேன். பெண்கள் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போனார்கள். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. கொட்டகை உடைந்தபோது கூடவே எது உடைந்தது என்று நாம் யோசிக்கவே இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நம் தாமானில் ஒரு வீட்டில் ஒரு பிள்ளை அழுதுகொண்டே இருக்கும். எந்த வீடு என்று எழுத மாட்டேன். மாலை ஏழு மணி தாண்டினால் ஆரம்பிக்கும். முதலில் ஆள் சத்தம், பிறகு எதுவோ விழுகிற சத்தம், பிறகு அழுகை. அழுகை சட்டென்று நிற்கும். அப்படி நிற்பதுதான் எனக்கு அதைவிடப் பயமாக இருக்கும். நமக்கெல்லாம் கேட்டது. எனக்கும் கேட்டது. முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியையாக இருந்தவள், ஆயாவின் மகள். நான் செய்தது என்ன தெரியுமா? ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினேன். குடும்ப விஷயம், நமக்கு எதற்கு என்று நினைத்தேன். ஏழு மாதம் அப்படி நினைத்தேன்.

கடைசியில் 15999க்கு அழைத்தவர் நம் தெருக்காரர் இல்லை. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் யார் என்பதை வெளியிடாமல் சட்டம் காக்கிறது. (அது தாலியான் காசே என்கிற அரசாங்க உதவி எண், நாள் முழுக்க எடுப்பார்கள். தயவுசெய்து போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.) சமூக நல இலாகா அதிகாரியும் போலீசும் வந்து பிள்ளையை எடுத்துப் போனார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். இப்படி எடுக்கப்படுகிற பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் முன்னிறுத்த வேண்டும். எங்கே வளர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போடும். அந்தப் பிள்ளைக்கு உத்தரவு போட்ட இடம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இல்லம். இன்றைக்கு அங்கே இருக்கிற இருபத்து மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் நம் தாமானிலிருந்து போனவர்கள். இன்னும் ஆறு பேர் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். மனுவில் "வெளியிலிருந்து வருகிறவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் என் கை நின்றது.

நான் இல்லத்துக்குள் முதல்முறை போன கதையையும் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த வருடம், நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு "என் குடும்பம்" என்று கட்டுரை கொடுத்தேன். இல்லத்துப் பெண் பிள்ளை ஒன்று எழுதியிருந்தது: "என் குடும்பத்தில் இருபத்தொரு பேர் இருக்கிறோம்." அதற்குக் கீழே இருபத்தொரு பெயர், நோட்டின் ஓரம்வரை. கடைசி வரி, "அக்காவுக்கு முட்டி வலி." நான் சிவப்புப் பேனாவால் சுழித்து, "அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களைப் பற்றி எழுதுக" என்று திருத்தம் போட்டேன். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனது. மறுநாள் திருத்தி எழுதிக் கொண்டுவந்து வைத்தது. ஒரே வரி: "என் குடும்பத்தில் ஒரு ஆள் இருக்கிறேன்."

அன்று பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே இல்லத்துக்குப் போனேன், அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க. அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் மாலை அங்கே பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் இனி எழுதுகிற எதுவும் கேள்விப்பட்டது இல்லை.

இல்லத்தை நடத்துகிற அக்கா அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். அவர் கணவரைப் பிள்ளைகள் பாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். காலை ஐந்து மணிக்கு அடுப்பு எரியும். பத்து கிலோ அரிசி மூட்டை இரண்டு நாளைக்கு வராது. வாசலில் இருபத்து மூன்று ஜோடி சிலிப்பர். ராத்திரி படுக்கப் போவதற்கு முன்னால் ஒரு சின்னப் பையன் அந்தச் சிலிப்பர்களை எண்ணிவிட்டுத்தான் படுப்பான். யாரும் சொல்லிக் கொடுத்த வேலை இல்லை. ஒருநாள் ஒரு ஜோடி குறைந்தது. பாத்ரூம் பக்கம் கிடந்த அதைக் கண்டுபிடிக்கும்வரை அவன் படுக்கவில்லை, யாரையும் படுக்க விடவும் இல்லை.

மனுவில் முதல் காரணம் சத்தமும் ஒழுக்கமும். மினி மார்க்கெட்டில் இரண்டு பையன்கள் சாக்லெட் எடுத்ததைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எடுத்தார்கள், உண்மை. மறுநாள் பாஸ்டர் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் பணத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்கவைத்தார். நானும் கூட நின்றேன். கடைக்காரர் அதோடு விட்டுவிட்டார். நாமும் விட்டுவிடலாம்.

இரவில் கத்துகிறார்கள் என்கிறீர்கள். ஒரு பையன் கத்துவான். அவன் அப்பா மோட்டார் சைக்கிளில் வருவாராம். வாசலில் இஞ்சின் நிற்கிற சத்தம் கேட்டால் அடி விழப் போகிறது என்று அர்த்தம். இல்லத்துக்கு வந்த புதிதில் எந்த மோட்டார் நின்றாலும் மேசைக்கு அடியில் புகுந்துகொள்வான். இப்போது சத்தத்தை வைத்தே வண்டியைச் சொல்கிறான். "இது ஈஎக்ஸ் ஃபைவ், பாஸ்டர் வண்டி. இது போஸ்ட்மேன்." பாடம் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொல்வான். சொல்லி முடித்த பிறகுதான் பென்சில் மறுபடி ஓடும். தூக்கத்தில் மட்டும் அவனால் சொல்ல முடிவதில்லை, அப்போது கத்துகிறான். நம் தெருவில் சாயந்திரம் ஷிப்ட் முடிந்து வருகிற மோட்டார்கள் எத்தனை! அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். நமக்கு வரப் போகிற கஷ்டத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வீட்டு விலை இறங்கும் என்று ஒரு காரணமும் இருக்கிறது. அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

மதம் பற்றி எழுத வேண்டும். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் கோயிலுக்குப் போகிறவள், வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுகிறவள். பிள்ளைகளின் சமயம் என்றால் நம் மக்களுக்கு ஏன் நெஞ்சு பதறுகிறது என்பது எனக்குத் தெரியும். நம் ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி அம்மாவின் மூன்று பிள்ளைகளை அவர் சம்மதமில்லாமல் பிரிந்த கணவர் மதம் மாற்றியது செல்லாது என்று 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. அந்தத் தீர்ப்புக்காக ஒரு தாய் எத்தனை வருடம் படியேறினார் என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதனால் கோயில் நிர்வாகத்தார் கேட்கிற கேள்வி தப்பான கேள்வி இல்லை.

அதையேதான் நான் அக்காவிடம் நேரில் கேட்டேன். முகத்துக்கு நேராக, "மதம் மாத்துறீங்களா?" என்று. அவர் கோபப்படவில்லை. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, பெற்றோர் வைத்த பெயரை மாற்றுவதில்லை, பதினெட்டு வயதுக்குப் பிறகு அவரவர் விருப்பம் என்றார். ஆனால் மாலை ஏழு மணிக்கு ஜெபம் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் உட்காருகிறார்கள், கீர்த்தனை பாடுகிறார்கள். இந்த இடத்தில் எனக்கும் அக்காவுக்கும் ஒத்துப்போகவில்லை. நான்கு வயதிலிருந்து தினமும் ஒரு ஜெபத்தில் உட்கார்ந்து வளர்கிற பிள்ளைக்குப் பதினெட்டில் வருவது முழுக்க அதன் சொந்த விருப்பம் என்று என்னால் சொல்ல முடியாது. அதை அவரிடமே சொன்னேன். "டீச்சர், நான் நம்புறதைத்தான் என்னால கொடுக்க முடியும். நீங்க நம்புறதை நீங்க வந்து கொடுங்க. ஞாயிறு சாயந்திரம் கூடத்தைக் காலி பண்ணித் தர்றேன்" என்றார்.

அதைச் சொல்லி ஐந்து வருடம் ஆகிறது. நான் கோயிலில் மூன்று பேரிடம் சொன்னேன். தேவாரம் சொல்லிக் கொடுக்க இன்றுவரை ஒருவரும் போகவில்லை. தைப்பூசத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வான் வண்டி வேண்டும் என்று கேட்டேன். அந்த வருடம் பாஸ்டர்தான் தன் வானில் கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கிவிட்டு, முடியும்வரை வெளியே காத்திருந்தார். நிர்வாகத்தாரே, உங்களில் பலர் ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் போய்ச் செயிண்ட் ஆன்ஸ் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, பாட்டிலில் தீர்த்தம் பிடித்து வருகிறவர்கள். என் அம்மாவும் போவார். அங்கே நமக்கு மதம் குறுக்கே நிற்கவில்லை. பினாங்கு லைட் ஸ்ட்ரீட்டில் கன்னியாஸ்திரிகள் 1852இல் வந்து கான்வெண்ட் ஆரம்பித்தபோதே அநாதைப் பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தார்கள். இந்த நாட்டில் யாரும் வேண்டாம் என்று விட்ட பிள்ளையைத் தூக்கியவர்களில் அவர்கள் முன்னால் நிற்கிறார்கள். அதை ஒத்துக்கொள்வதால் நம் சாமிக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இல்லத்து அக்காவுக்கும் இந்த மடல் வழியாக ஒன்று சொல்கிறேன். நீங்கள் என்னிடம் வாயால் சொன்னதை எழுதி, உறவினர் யாராவது இருந்தால் அவர்களிடம் கையெழுத்து வாங்கி, கோப்பில் வையுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரின் சமயத்தைப் பெற்றோரோ காப்பாளரோ முடிவு செய்வார் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவே சொல்கிறது. எழுத்தில் இருந்தால் ஊரின் பாதி பயம் போய்விடும்.

கடைசிக் காரணம், இல்லங்களை நம்ப முடியாது என்பது. 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களிலிருந்து 402 பிள்ளைகளைப் போலீஸ் மீட்ட செய்தியைப் படித்து நானும் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. சந்தேகப்படுங்கள், சந்தேகப்படத்தான் வேண்டும். ஆனால் சந்தேகம் வந்தால் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், தூர விரட்டக் கூடாது. விரட்டினால் யாரும் பார்க்காத இடத்துக்குத்தான் போவார்கள். 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி இல்லம் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பத்திரம் சமையலறை வாசலுக்கு மேலே மாட்டியிருக்கிறது, போய்ப் படித்துப் பாருங்கள். சமூக நல இலாகா அதிகாரி எப்போது வந்தார் என்று கேளுங்கள். நடுத்தெருவில், அறுபது வீட்டுக்காரர்கள் கண் முன்னால் ஒரு இல்லம் இருப்பதைவிடப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேறு என்ன வேண்டும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தீபாவளி, கிறிஸ்துமஸ் வந்தால் கேக்கும் பேனருமாகப் பிரமுகர்கள் வந்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து அன்று இரவே ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள். எந்த முகத்தை ஒரு தகப்பன் தேடிக்கொண்டிருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியாது. அரிசி கொண்டுவாருங்கள், பள்ளிக் காலணி கொண்டுவாருங்கள். போனைப் பையிலேயே வையுங்கள்.

மனு வென்றால் என்ன நடக்கும் என்றும் நினைத்துப் பாருங்கள். கிராணி வீடு இருக்கிற நிலம் விற்றாகிவிட்டது, வருடக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மாவட்ட மன்றம் அனுமதி தராவிட்டால் புது முகவரியில் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாவிட்டால் இலாகா பிள்ளைகளை இடமிருக்கிற வேறு இல்லங்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டிவரும். அங்கே ஒரு வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள், மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. தம்பிக்குத் தலை சீவிவிடுவதும் தங்கைக்குப் பசியாறக் கொடுப்பதும் அவள்தான். மூன்று பேருக்கும் ஒரே இடத்தில் இடம் கிடைக்கும் என்று எனக்கு யாரும் உறுதி சொல்லவில்லை.

நான் கையெழுத்தே போட மாட்டேன் என்று சொல்லவில்லை. வேறொரு தாளுக்குக் கையெழுத்துத் தேவைப்படுகிறது. அதற்கு நீங்களும் வேண்டும்.

இல்லத்தில் ஒரு பையனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிய வேண்டும். இவனுக்கு யாரும் பதியவில்லை. அம்மா இறந்துவிட்டாள். அவளுக்கே பத்திரம் இல்லை. லயத்து வீட்டில் மருத்துவச்சி பார்த்த பிரசவம். அப்பா அம்மா கல்யாணம் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு கிடையாது. 1982 மார்ச்சிலிருந்து கல்யாணத்தைப் பதிந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் இருந்தும் நம் தோட்டங்களில் எத்தனை ஜோடி இப்படி! பாட்டி சிவப்பு அடையாளக் கார்டுக்காரர் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி), அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த ஊரிலேயே பிறந்த பையனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுக்காரன் கட்டணம். நாளைக்கு லைசன்ஸ் கிடையாது, பேங்க் கணக்கு கிடையாது, கல்யாணத்தைப் பதிய முடியாது. அவன் பிள்ளைக்கும் இதே கதிதான் வரும்.

தேசியப் பதிவு இலாகாவுக்கு அக்கா இதுவரை பதினாறு முறை போயிருக்கிறார். காலை ஏழு மணிக்கு நம்பர் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் கோப்போடு உட்கார்ந்திருப்பார். பாட்டிக்கு அந்த லயத்தில்தான் மகள் பிறந்தாள், அந்த மகளுக்குத்தான் இந்தப் பையன் பிறந்தான் என்று நேரில் அறிந்தவர்கள் வந்து சாட்சி சொன்னால் கோப்பு நகரும் என்று போன தடவை அதிகாரி சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அந்த லயம் தெரியாது. எனக்கு அந்த வீடு தெரியும், ஆனால் பிரசவம் நடந்த வருடம் நான் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். உங்களுக்குத் தெரியும். அந்தப் பிரசவத்துக்குச் சுடுதண்ணீர் வைத்தவர், பெயர் வைத்த நாளில் சர்க்கரை வாங்கித் தின்றவர், மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் குறைந்தது நான்கு பேர் இருக்கிறீர்கள். பெயர்ப் பட்டியலைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. யாருடைய பிள்ளை என்று நேரில் வந்தால் சொல்கிறேன், இங்கே எழுத மாட்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு இல்லத்து வான் ஈப்போவுக்குக் கிளம்புகிறது. கோயில் முன்னால் நிற்கச் சொல்லியிருக்கிறேன். நானும் போகிறேன். மூன்று இடம் காலியாக இருக்கிறது. அடையாளக் கார்டு கொண்டுவந்தால் போதும், பசியாற நான் இடியப்பம் எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
இரண்டாவது தெரு டீச்சர்